பாட்டில் தெளிவு, பேச்சில் மங்கல்: மேசைக் கணினியில் ஒயர்லெஸ் ஹெட்செட் ஒலிக்கோளாறுகளின் காரணமும் தீர்வும்

மேசைக் கணினியில் ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்துப் பாட்டு கேட்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆன்லைன் மீட்டிங்கில் நுழைந்த மறு விநாடி, எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கிப்போகிறது. அதே ஹெட்செட்டைக் கைபேசியோடு சேர்த்தால் இவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. உடனே டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போடுகிறார்கள், விண்டோஸையே புதிதாக நிறுவுகிறார்கள், சிலர் ஹெட்செட்டையே மாற்றிவிடுகிறார்கள். அப்படியும் பிரச்சினை தீராமல் இருப்பதற்குக் காரணம், அங்கே எதுவும் பழுதாகவில்லை என்பதுதான். ப்ளூடூத் வடிவமைக்கப்பட்ட விதமே அப்படி.

ஒயர்லெஸ் ஹெட்செட் பற்றிய புகார்களில் பெரும்பகுதி டிரைவரைப் பற்றியதல்ல. ஹெட்செட் எந்த முறையில் இணைந்திருக்கிறது, ரேடியோ எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் அவை அடங்கிவிடும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு டிரைவர் பக்கம் போனால் நேரம் மிச்சம்.

## ஒலி எந்த வழியாக வருகிறது

கணினியிலிருந்து காதுக்கு வருவதற்குள் ஒலி ஐந்து இடங்களைத் தாண்டுகிறது.

1. செயலி: பிரவுசர், மீட்டிங் செயலி, கேம், பாட்டு பிளேயர் எதுவாகவும் இருக்கலாம். தனக்கென ஓர் ஒலிச் சாதனத்தை அது தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்.
2. இயங்குதளத்தின் ஒலிக்கலவை: பல செயலிகளின் ஒலியைச் சேர்த்து ஒரே ஓட்டமாக்கும் இடம்.
3. கோடெக்: ஒலியைச் சுருக்கும் முறை. குறுந்தகட்டுத் தரத்து ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ப்ளூடூத்தில் அதை அப்படியே தொடர்ந்து அனுப்ப முடியாததால் சுருக்கியே ஆகவேண்டும்.
4. ரேடியோ: கணினியின் ஆன்டெனாவுக்கும் ஹெட்செட்டின் ஆன்டெனாவுக்கும் இடைப்பட்ட காற்றுவெளி.
5. ஹெட்செட்: சுருக்கத்தைப் பிரித்து ஒலியாக்கும் சில்லும், பேட்டரியும், ஸ்பீக்கரும்.

கோளாறின் குணத்தைப் பார்த்தாலே இடம் பிடிபடும். விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் நான்காவது இடம். மங்கலாகக் கேட்டால் மூன்றாவது. சத்தமே இல்லையென்றால் முதல் இரண்டில் ஒன்று.

## எந்த வகை ஒயர்லெஸ் என்று முதலில் பாருங்கள்

கணினி ஹெட்செட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ப்ளூடூத். இன்னொன்று, தனக்கென்று ஒரு சிறிய யுஎஸ்பி டாங்கிளுடன், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி ரேடியோக் கருவியுடன் வருவது. இரண்டுமே பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன என்றாலும் கணினியின் பார்வையில் இரண்டும் வேறு வேறு.

சொந்த டாங்கிளோடு வரும் ஹெட்செட்டைக் கணினி ப்ளூடூத்தாகவே பார்ப்பதில்லை. அதற்கு டாங்கிள் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அவ்வளவுதான். ரேடியோ வேலை முழுவதையும் டாங்கிளும் ஹெட்செட்டும் தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே மைக்கைத் திறந்ததும் குரல் மங்கும் தொல்லை இந்த வகையில் அநேகமாக இருக்காது. ப்ளூடூத் செட்டிங்ஸில் இந்த ஹெட்செட்டைத் தேடுவதும் வீண் வேலை. அடுத்த பகுதி ப்ளூடூத் வகைக்கு மட்டும் பொருந்தும். அதற்கடுத்த ரேடியோ பகுதி இரண்டுக்கும் பொதுவானது.

## மைக் திறந்ததும் குரல் ஏன் மங்குகிறது

ப்ளூடூத்தில் ஒரு சாதனம் என்னென்ன வேலை செய்யும் என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்புக்கு 'ப்ரொஃபைல்' என்று பெயர். ஹெட்செட்டுகள் பயன்படுத்துபவை முக்கியமாக இரண்டு.

முதலாவது ஏ2டிபி. பாட்டுக்கானது. ஒலி கணினியிலிருந்து ஹெட்செட்டுக்கு ஒருவழியாக மட்டும் போகும், ஸ்டீரியோவாகப் போகும். எல்லாச் சாதனங்களிலும் கட்டாயம் இருக்கவேண்டிய எஸ்பிசி கோடெக், நல்ல தர அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் வரை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான காதுகளுக்கு இது போதும். ஆனால் இந்த ப்ரொஃபைலில் மைக்குக்குத் திரும்பும் பாதை கிடையாது.

இரண்டாவது எச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்-ஃப்ரீ ப்ரொஃபைல். தொலைபேசிப் பேச்சுக்காக உருவானது. இருவழி உண்டு, ஆனால் மோனோ, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி. இதன் பழைய கோடெக்கான சிவிஎஸ்டி, நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) எடுத்து 64 கிலோபிட்டில் அனுப்புகிறது. ஒரு நொடியில் எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் ஒலியைப் பிடிக்க முடியும். எனவே 8,000 மாதிரி என்றால் 4,000 ஹெர்ட்ஸோடு ஒலி முடிந்துவிடும். மனிதக் காது இளவயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சீற்றத்தில் பெரும்பங்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டப்பட்டதும் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். பாட்டில் ஜால்ராவும் சிம்பலும் காணாமலே போய்விடும்.

இதே ப்ரொஃபைலில் பின்னர் வந்த எம்எஸ்பிசி கோடெக் நொடிக்கு 16,000 மாதிரி எடுப்பதால் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கிடைக்கிறது. பேச்சுக்கு இது நன்றாகவே போதும். கணினியின் ப்ளூடூத் அடாப்டர் (கணினிப் பக்கத்து ப்ளூடூத் ரேடியோ), அதன் டிரைவர், ஹெட்செட் மூன்றும் ஒத்துழைத்தால் மட்டுமே இது அமையும். ஒன்று தவறினாலும் இணைப்பு சத்தமில்லாமல் சிவிஎஸ்டிக்கு இறங்கிவிடும். கைபேசியில் சுமாராகவாவது கேட்கும் ஹெட்செட் மேசைக் கணினியில் மட்டும் மிக மோசமாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, ஏதாவது ஒரு செயலி ஹெட்செட் மைக்கைத் திறந்தவுடன் கணினி ஏ2டிபியிலிருந்து எச்எஃப்பிக்கு மாறியாக வேண்டும். மைக்கில் நீங்கள் பேசுகிறீர்களா, மியூட் செய்து வைத்திருக்கிறீர்களா என்பது இங்கே கணக்கில் இல்லை. மீட்டிங் செயலியின் மியூட் பொத்தான் குரலை நிறுத்துமே தவிர, மைக்கைக் கணினியிடம் திருப்பித் தந்துவிடும் என்று நம்ப முடியாது.

### இதுதான் கோளாறு என்று உறுதிசெய்வது எப்படி

ஹெட்செட்டில் நீங்கள் நன்கு கேட்டுப் பழகிய ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸில் சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து, ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு நொடி மௌனம், ஒரு சிறு சொடுக்கு, அதன்பின் பாட்டு தட்டையாகி நடுமண்டையில் ஒற்றைப் புள்ளியில் ஒலிக்கும். பதிவை நிறுத்துங்கள். சில நொடிகளில் பாட்டு மறுபடி இரு காதுக்கும் விரியும். இப்படி நடந்தால் ஹெட்செட்டும் டிரைவரும் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன.

மீட்டிங் முடிந்த பிறகும் மங்கல் போகவில்லையா? எங்கோ ஒரு செயலி மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-இல் மைக் பயன்பாட்டில் இருந்தால் டாஸ்க்பாரின் வலது மூலையில் மைக் சின்னம் தெரியும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எந்தச் செயலி என்று காட்டும். மூட மறந்த பிரவுசர் டேப், பின்னணியில் ஓடும் குரல்வழி அரட்டைச் செயலி, தொடங்கியவுடனேயே வாய்ஸ் சாட்டைத் திறந்துவிடும் கேம் ஆகிய மூன்றும் வழக்கமாகச் சிக்குபவை.

### விண்டோஸ் 10-உம் 11-உம் காட்டும் விதம்

விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் இரண்டு சாதனங்களாகப் பட்டியலில் வரும். ஒன்றின் பெயரோடு 'ஸ்டீரியோ' என்றும், மற்றதன் பெயரோடு 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்றும் இருக்கும். பாட்டுக்கு ஹேண்ட்ஸ்-ஃப்ரீயைத் தேர்ந்தெடுத்திருந்தால் எந்நேரமும் மங்கலாகவே கேட்கும். மீட்டிங்கில் மைக்குக்கு ஹேண்ட்ஸ்-ஃப்ரீயையும் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோவையும் தேர்ந்தெடுத்தால் எதிர்முனைக் குரலே வராமல் போகலாம், ஏனென்றால் மைக் திறந்திருக்கும்வரை ஸ்டீரியோ பாதை மூடியிருக்கும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கி, மாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது. குழப்பம் குறைந்தது நல்லதுதான். ஆனால் மாறுவது கண்ணுக்குத் தெரியாததால், ஹெட்செட் திடீரென்று கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

லினக்ஸில் இந்த மாற்றம் வெளிப்படையாகவே தெரியும். பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலி மென்பொருள் உள்ள கணினியில், ஒலி அமைப்பின் 'கான்ஃபிகரேஷன்' பகுதியில் ஹெட்செட்டின் ப்ரொஃபைலைக் கையாலேயே மாற்றலாம். எந்தக் கோடெக் ஓடுகிறது என்பதும் பெரும்பாலும் பெயரோடு வரும்.

### செய்யக்கூடியவை

1. தனி மைக் வைத்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினிக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. வெப்கேமிலுள்ள மைக், யுஎஸ்பி மைக், 3.5 மில்லிமீட்டர் முனை கொண்ட காலர் மைக் எதுவானாலும் சரி. விண்டோஸிலும் மீட்டிங் செயலியிலும் 'இன்புட்' இடத்தில் அதையும், 'அவுட்புட்' இடத்தில் ஹெட்செட்டையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை யாரும் திறக்காதவரை ஏ2டிபி நீடிக்கும். மேக் கணினியிலும் இதே வழிதான்: சவுண்ட் அமைப்பில் இன்புட்டை வேறு மைக்குக்கு மாற்றினால் போதும்.

2. ஹேண்ட்ஸ்-ஃப்ரீ சேவையை அணைத்துவிடுங்கள். எந்தச் செயலியும் தவறிப்போய்க்கூட ஹெட்செட் மைக்கைத் தொடக்கூடாது என்றால் இது உதவும். பழைய 'டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ்' சாளரத்தில் ஹெட்செட்டின்மேல் வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'சர்வீசஸ்' தாவலுக்குப் போய், 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிபோனி' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு 'அப்ளை' கொடுங்கள். இணைப்பு நிலையில் முன்பு 'வாய்ஸ், மியூசிக்' என்று இருந்தது இனி 'மியூசிக்' என்று மட்டும் காட்டும். ஹெட்செட்டின் மைக் இதோடு செயலிழக்கும். ஹெட்செட்டை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தால் இந்த டிக் திரும்பி வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. ஹெட்செட் மைக்கே வேண்டும் என்றால், ஹெட்செட் நிறுவனமே தரும் டாங்கிள் கொண்ட மாடலுக்கு மாறலாம்.

எல்இ ஆடியோ என்ற புதிய தலைமுறை ப்ளூடூத் ஒலிமுறை இந்தச் சிக்கலை அடியிலிருந்தே தீர்க்க முயல்கிறது. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இதில் எல்சி3 என்ற திறமான கோடெக் உள்ளது. மைக் திறந்திருக்கும்போதும் நல்ல தரத்தில் ஒலி தரக்கூடியது. விண்டோஸ் 11-இல் 22எச்2 பதிப்பிலிருந்து இதற்கு ஆதரவு உண்டு. ஆனால் பெட்டியின்மேல் 'ப்ளூடூத் 5.3' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் எல்இ ஆடியோ இருப்பதாக அர்த்தமில்லை. அடாப்டர், அதன் டிரைவர், ஹெட்செட் மூன்றிலும் அது தனியாக இருக்கவேண்டும். விண்டோஸின் ப்ளூடூத் சாதனப் பக்கத்தில் 'யூஸ் எல்இ ஆடியோ வென் அவைலபிள்' என்ற சுவிட்ச் தெரிந்தால் உங்கள் கணினித் தரப்பு தயார். தெரியவில்லையென்றால் ஹெட்செட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பழைய வழியில்தான் இணையும்.

## விட்டுவிட்டுக் கேட்பது: ரேடியோவின் கதை

பாட்டு நடுவே துண்டு துண்டாக அறுந்து கேட்கிறது, தலையைத் திருப்பினால் நிற்கிறது, வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போது மோசமாகிறது. இவை ரேடியோ கோளாறின் அடையாளங்கள். மேசைக் கணினிக்கு இதில் தனியான பலவீனம் உண்டு. மடிக்கணினியில் ஆன்டெனா பொதுவாகத் திரையின் விளிம்பை ஒட்டி உயரத்தில் இருக்கும். மேசைக் கணினியில் அது இரும்புக் கேபினட்டின் முதுகில், மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஹெட்செட்டுக்கும் அதற்கும் நடுவே கேபினட்டின் தகடும், மேசைப் பலகையும், உங்கள் உடலும் நிற்கின்றன. உடலில் பெரும்பகுதி நீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாகவே உறிஞ்சும்.

வழக்கமான ப்ளூடூத் 2,402 முதல் 2,480 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. நெரிசலான தடங்களைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும் திறனும் உண்டு. ஆனால் குறைந்தது 20 தடங்களாவது அதற்கு வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. அக்கம்பக்கத்தில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களிலும் வைஃபை ஓடினால் பட்டையில் பெரும்பகுதி நிரம்பிவிடும். ஒதுங்க இடமே இராது.

வைஃபையைவிடக் கவனிக்கப்படாத எதிரி ஒன்று கணினிக்குள்ளேயே இருக்கிறது: யுஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அதன் கேபிளும் இணைப்பு முனையும் பரந்த அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இதை விளக்கி 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் ஹெட்செட் டாங்கிளைச் செருகினால் என்ன ஆகும் என்று இப்போது ஊகிக்கலாம். டாங்கிளின் காதருகே ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது அது மெல்லிய குரலைக் கேட்க முயல்கிறது. இணைப்பு அறுவதில்லை, பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஒலி மட்டும் சிதைகிறது.

சரிசெய்யும் வரிசை இது. ஒவ்வொன்றையும் செய்து கேட்டுப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகவேண்டும்.

1. முதலில் சோதனை: ஹெட்செட்டைக் கையில் எடுத்து டாங்கிளுக்கோ ஆன்டெனாவுக்கோ 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துக் கேளுங்கள். அறுந்து கேட்பது நின்றுவிட்டால் குற்றவாளி ரேடியோ என்பது உறுதி. நிற்கவில்லையென்றால் கீழே உள்ளவற்றால் பயன் குறைவு. 'நிதானமாக அலச' என்ற பகுதிக்குத் தாவிவிடலாம்.

2. டாங்கிளை வெளியே கொண்டுவாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் போதும். டாங்கிளை மேசைமேல், ஹெட்செட்டுக்கு நேர்ப்பார்வையில் வையுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து முன்பக்கத் துளைக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியலாம் என்றாலும் நீட்டிப்புக் கேபிள்தான் நிச்சயமான வழி, ஏனென்றால் முன்பக்கத்திலும் யுஎஸ்பி 3.0 துளைகள் ஒட்டியே இருக்கும். உட்புறம் நீல நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் 3.0. கறுப்போ வெள்ளையோ இருந்தால் பொதுவாக 2.0.

3. ஆன்டெனா மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வசதியுள்ள மதர்போர்டுகளின் பின்புறம் பித்தளை நிறத்தில் இரண்டு சிறு திருகுமுனைகள் இருக்கும். பெட்டியில் வந்த ஆன்டெனா வைஃபைக்கு மட்டும்தான் என்று எண்ணி, இணையத்துக்குக் கேபிள் பயன்படுத்துபவர்கள் அதை மாட்டாமலே விட்டுவிடுவார்கள். ப்ளூடூத்தும் அதே ஆன்டெனாவைத்தான் நம்பியிருக்கிறது. ஆன்டெனா இல்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்தால் ஹெட்செட் இணையும், இரண்டடி நகர்ந்தால் அறும். இரண்டு முனையிலும் மாட்டி, விரலால் இறுக்கி, கேபிளோடு வரும் வகையாக இருந்தால் மேசைமேல் வையுங்கள்.

4. கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் நெட்வொர்க் கேபிளுக்கே போய்விடுங்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருந்து, இரண்டும் 2.4-இல் ஓடினால் நேரத்தைப் பங்குபோட வேண்டியிருக்கும். பெரிய கோப்பு இறங்கும்போது பாட்டு திக்குவது இதனால்தான்.

5. மற்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்களை, அதாவது சுட்டி, விசைப்பலகை, கேம் கன்ட்ரோலர் ஆகியவற்றினுடையதை, ஹெட்செட் டாங்கிளிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளி வையுங்கள்.

மதர்போர்டில் ப்ளூடூத் இல்லாமல், பிசிஐஇ துளையில் (மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் இடத்தில்) வைஃபை கார்டு போட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தக் கார்டுகளில் வைஃபை பிசிஐஇ வழியாகவும் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் ஓடுகின்றன. அதனால் கார்டோடு ஒரு குட்டிக் கேபிள் வரும். அதை மதர்போர்டிலுள்ள 9 ஊசி யுஎஸ்பி 2.0 முனையில் செருகியிருக்கவேண்டும். செருகாவிட்டால் வைஃபை ஜோராக ஓடும், ப்ளூடூத் இருப்பதற்கான சுவடே இருக்காது. எத்தனை முறை டிரைவர் போட்டாலும் வராது.

## சத்தமே வரவில்லை

இது பார்க்க பயமாக இருந்தாலும் தீர்ப்பது சுலபம்.

1. டாஸ்க்பாரில் ஒலிச் சின்னத்தைச் சொடுக்கி, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டருக்கு எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியும் போகும் என்பதால், மானிட்டரை அணைத்துப் போடும்போது தேர்வு அதற்கு மாறிவிடுவது உண்டு.
2. 'வால்யூம் மிக்ஸர்' பக்கத்தில் செயலி வாரியாகச் சாதனமும் ஒலியளவும் தனித்தனியே இருக்கும். ஒரே ஒரு செயலி மட்டும் ஊமையாக இருந்தால் பதில் இங்கே இருக்கும்.
3. ஹெட்செட் கைபேசியோடும் இணைந்திருக்கிறதா? இரண்டு சாதனங்களை ஒருசேரப் பிடிக்கும் வசதியுள்ள ஹெட்செட்டுகளில், கைபேசியில் ஓர் அறிவிப்பு ஒலி வந்தாலே கணினியின் பாட்டு நின்றுவிடலாம். கைபேசியின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.
4. 'பேர்ட்' என்றால் அறிமுகமாகியிருக்கிறது என்றுதான் பொருள். 'கனெக்டட்' என்று காட்டினால்தான் இணைந்திருக்கிறது.

மீட்டிங் தொடங்கியதும் பாட்டும் வீடியோவும் மட்டும் சன்னமாகிவிடுகிறதென்றால் அது வேறு விவகாரம். பேச்சு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் இயல்பாகவே அமைந்திருக்கிறது. 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' சாளரத்தில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலில் 'டூ நத்திங்' என்று மாற்றினால் நின்றுவிடும்.

## மைக் எடுக்கவில்லை

செட்டிங்ஸில் 'ப்ரைவசி' பகுதிக்குள் 'மைக்ரோஃபோன்' பக்கத்தைத் திறந்து, மேலேயுள்ள பொது அனுமதியோடு கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கான தனி அனுமதியையும் பாருங்கள். மேலே இயக்கத்தில் இருந்து, கீழே அணைந்திருந்தால் சில செயலிகளுக்கு மட்டும் மைக் கிடைக்காது. அடுத்து, ஹெட்செட்டின் சொந்த மியூட் பொத்தான். மைக் தண்டை மேலே மடித்தாலே மியூட் ஆகிவிடும் மாடல்களும் உண்டு. மேலே சொன்ன ஹேண்ட்ஸ்-ஃப்ரீ சேவையை முன்பு எப்போதோ அணைத்துவிட்டு மறந்திருந்தாலும் மைக் பட்டியலில் வராது.

## உதட்டசைவுக்குப் பின்னால் வரும் ஒலி

ஏ2டிபியில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, ஹெட்செட்டில் சேர்த்துவைத்துப் பிரிக்கப் பொதுவாக 150 முதல் 250 மில்லிநொடி வரை ஆகிறது. வீடியோ பிளேயர்கள் பலவும் படத்தை அதற்கேற்பத் தாமதித்து ஈடுகட்டிவிடும். கேமில் அது முடியாது, ஏனென்றால் நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை எந்த ஒலி வரப்போகிறது என்பது கணினிக்கே தெரியாது. ஆகவே கேமுக்கு டாங்கிள் வகையோ ஒயர் வகையோதான் சரி. இதை எந்த செட்டிங்ஸாலும் முழுமையாகத் தீர்க்க முடியாது.

சிறிது நேரம் அமைதியாக இருந்த பிறகு வரும் ஒலியின் முதல் அரை நொடி விழுங்கப்படுவதும் இதற்குப் பக்கத்து உறவு. சத்தமில்லாத நேரத்தில் ஒலி ஓட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மறுபடி எழுப்ப நேரம் பிடிக்கிறது. 'டிங்' என்ற ஒற்றை அறிவிப்பொலி கேட்காமலே போவது இதனால்தான். யுஎஸ்பி டாங்கிள் என்றால், டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலிலும் மின்சிக்கனத்துக்காகச் சாதனத்தை அணைக்கும் அனுமதியை எடுத்துவிட்டால் ஓரளவு சரியாகலாம்.

## நிதானமாக அலச

இதுவரை சொன்ன எதிலும் அடங்காத கோளாறு என்றால், இரண்டு ஒப்பீடுகள் செய்யுங்கள். முதலில், கைபேசியோடு ஹெட்செட்டை இணைத்து அரை மணி நேரம் கேளுங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் கணினியைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்து, கணினியில் ஹெட்செட்டுக்குப் பதில் ஒயர் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். ஒயரிலும் கரகரத்தால் செயலியிலோ விண்டோஸின் ஒலி அமைப்பிலோ பிரச்சினை. 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் ஒலி மெருகூட்டும் செயலி ஏதாவது இருந்தால் அதையும் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

இரண்டிலும் சரியாக இருந்து, ஹெட்செட்டும் கணினியும் சேரும்போது மட்டும் கோளாறு என்றால், இப்போதுதான் டிரைவரின் முறை வருகிறது.

முதலில், ஒரு கணினியில் ஒரே ஒரு ப்ளூடூத் அடாப்டர்தான் இயங்கவேண்டும். மதர்போர்டில் ஏற்கெனவே ஒன்று இருக்க, புதிதாக வாங்கிய டாங்கிளையும் செருகினால் விண்டோஸ் இரண்டையும் சேர்த்து நடத்தாது. பழையதை டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' செய்யுங்கள். 'அன்இன்ஸ்டால்' செய்தால் அடுத்த முறை கணினி எழும்போது அது தானாகத் திரும்பி வந்துவிடும்.

டிரைவரை மதர்போர்டு அல்லது அடாப்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். விண்டோஸ் தானாகப் போடும் பொது டிரைவரில் பாட்டு கேட்கும், எம்எஸ்பிசி போன்ற கூடுதல் வசதிகள் விட்டுப்போக வாய்ப்புண்டு. டிரைவர் மாற்றிய பிறகு ஹெட்செட்டைப் பட்டியலிலிருந்து நீக்கி, கணினியை முழுவதுமாக அணைத்து எழுப்பி, ஹெட்செட்டை இணைப்பு முறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகச் சேருங்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் பவர் அல்லது ப்ளூடூத் பொத்தானை, விளக்கு மாறி மாறி மின்னும்வரை சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவேண்டியிருக்கும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொரு முறை மாறும்போதும் ஹெட்செட் இணைய மறுப்பது வாடிக்கை. இணையும்போது கணினியும் ஹெட்செட்டும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்து சேமித்துக்கொள்கின்றன. இரு இயங்குதளங்களும் ஒரே அடாப்டரைப் பயன்படுத்துவதால், ஹெட்செட்டின் கண்ணுக்கு இரண்டும் ஒரே கணினி. கடைசியாக இணைந்ததன் சாவியை மட்டும் அது வைத்துக்கொள்ளும். மற்ற இயங்குதளம் பழைய சாவியோடு வந்து கதவைத் தட்டினால் திறக்காது. ஒன்றில் உருவான சாவியை மற்றதில் நகலெடுத்து வைக்கலாம் என்றாலும் அது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கான வேலை. இல்லையென்றால் ஒரு சின்ன யுஎஸ்பி ப்ளூடூத் அடாப்டர் வாங்கி, அதை லினக்ஸுக்கு மட்டும் பயன்படுத்தி, விண்டோஸில் அணைத்துவைக்கலாம். ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனி முகவரி என்பதால் ஹெட்செட் இரண்டையும் வேறு வேறு கணினியாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.